நாலாவது ஓட்டை

என் வீட்டுக்காரர் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டில் அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் செய்த கார் எதுவானாலும், மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் போட்டோவில் அதன் பின்விளக்கு மட்டும் தெரிந்தால் போதும், இன்ன கம்பெனி, இன்ன வருஷம் என்று சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் அவர் குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த மனுஷனுக்குப் பழைய அமெரிக்கக் கார் என்றால் உயிராம். ஒரு கொட்டகை நிறைய வாங்கி நிறுத்தியிருந்தார். ஓட்டுவதும் கிடையாது, விற்பதும் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் அத்தனையையும் துடைத்து வைப்பது இவர் வேலை. துடைத்துத் துடைத்தே மனப்பாடம் ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பி, கண்ணமங்கலத்தில் ஒரு ஜீப் வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகும் அந்தக் கிறுக்கு அவரை விடவில்லை.

கார் கம்பெனிகளின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

போனில் அவருக்கு ஒரு குரூப் இருக்கிறது. தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள். அவரவர் வீட்டு ஆல்பத்தில் தாத்தா ஏதாவது ஒரு பெரிய காரின்மேல் கை வைத்து நிற்பார், பாட்டனார் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் படத்தைப் போட்டு, இது என்ன கார் என்று கேட்பார்கள். கேட்டு முடிப்பதற்குள் இவர் பதில் சொல்லியிருப்பார். அதில் அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்ப்பவன் காப்பி அடிக்கிறவன். "ரோட்டுல எதிர்ல வர்ற வண்டிய பெரிசு பண்ணியா பாக்கற? வந்த மாதிரியே பாத்து சொல்லணும்" என்பார். நான் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தால், "டீச்சர் காப்பி அடிக்கிறாங்கப்பா" என்று கிண்டல் வேறு.

நான் டீச்சர்தான். ஜவ்வாதுமலை மேலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். காலையில் அவர் ஜீப்பில்தான் ஏறிப் போவேன். என்னோடு இன்னும் சில டீச்சர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பெண் ஒருத்தி. அமிர்தி தாண்டியதும் காடு, ஏற்றம், வளைவு. அந்த ரோட்டில் அவர் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. மலையிலிருந்து இறங்கும் லாரிக்காரர்கள்கூட அவர் ஜீப்பின் ஹாரன் கேட்டால் ஒதுங்கி நிற்பார்கள். மழையோ மூடுபனியோ, இவர் ஜீப் என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் பயப்பட மாட்டார்கள்.

போன அரையாண்டு லீவு விட்ட அன்றைக்குச் சாயங்காலம் இது தொடங்கியது. ஜீப்பைக் கிளட்ச் வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து போனைத் திறந்தார். மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் தன் தாத்தாவின் படத்தைப் போட்டிருந்தார். தாத்தா நடுவில் நிற்கிறார். கார் அவருக்குப் பின்னால் நீளமாகப் படுத்திருக்கிறது. காரின் மூக்கு படத்தின் இடது ஓரத்தில்.

அந்தக் கம்பெனிக் காருக்கு ஒரு அடையாளம் உண்டு. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், தகரத்தில், வரிசையாக வட்ட ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பளபளவென்று ஒரு பூண். சின்ன வண்டிக்கு மூன்று ஓட்டை, பெரிய வண்டிக்கு நான்கு. குவைத்தில் விரலில் துணியைச் சுற்றி ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்ததை அவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் இதில் தப்புவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"மூணு ஓட்டை. சின்ன வண்டி" என்று போட்டார்.

குரூப்பில் உடனே ஒருவர், நாலு இருக்கிறதே என்றார். இன்னொருவரும் நாலு என்றார். படத்தைப் போட்டவரே, எங்கள் தாத்தா வைத்திருந்தது பெரிய வண்டிதான் என்றார். இவர் விடுவாரா? மூணுதான், மூணேதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் யாரோ, "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று போட்டுவிட, குரூப்பே சிரித்தது. இவர் போனைக் கட்டிலில் எறிந்தார்.

நான் எடுத்துப் பார்த்தேன். பெரிதாக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பளிச்சென்று நாலு ஓட்டை.

"ஏங்க, நாலுதாங்க இருக்குது."

"ஒனக்கு நாலாங் கிளாஸ் எடுத்து எடுத்து எல்லாமே நாலா தெரியுது. போய் டீ போடு."

நானும் சிரித்தேன். மனுஷன் அலுத்துப் போயிருக்கிறார், பார்வை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சில நாளில் சந்தவாசலில் ஒரு ஐயப்ப பூஜை. பஸ்ஸில் போனோம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, ஊறுகா வெக்கவே இல்ல?" என்றார். பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெச்சிக்கிதேண்ணா, தோ." உப்பும் ஊறுகாயும் வைக்கிற இடத்தில், இலையின் இடது மேல் மூலையில்தான் இருந்தது. பக்கத்திலேயே ஒரு வடை, கை படாமல். அவர் தலையைத் திருப்பிப் பார்த்து, "அட ஆமா" என்று எடுத்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வடைப் பிரியர் அவர். முதலில் வடையைத்தான் தின்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் என் கண் அவரை விட்டு நகரவில்லை. வாசல்படி தாண்டும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொள்கிறார். "த்தா" என்று திட்டிவிட்டுப் போகிறார். டம்ளரை இடது பக்கம் வைத்தால் கை தேடுகிறது. நான் இடது பக்கத்தில் வந்து நின்றால், பேசினால்தான் திடுக்கிட்டுத் திரும்புகிறார். எல்லாம் பீச்சாங்கைப் பக்கம். சோத்தாங்கைப் பக்கம் ஒரு குறையும் இல்லை. அங்கே ஈ பறந்தால்கூடத் தெரிகிறது.

அப்போதுதான் எனக்கு ஐப்பசி மழையில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒருநாள் தலைவலி என்று சுருண்டு படுத்தார். வாந்தி எடுத்தார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்கினார். மறுநாள் காலையில் எழுந்து, "பித்தம் எறங்கிடுச்சி" என்று ஜீப்பை எடுத்தார். அன்றைக்கே இடது பக்கப் பார்வை போயிருக்க வேண்டும். நானும்தானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போனேன். அதற்கப்புறம் தினமும் போனேன். வளைவுக்கு வளைவு அவருடைய இடது பக்கத்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஐயோ கடவுளே என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வேலூருக்குப் போய் கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாங்க" என்றேன், சாதாரணமாகச் சொல்கிற மாதிரி.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு இன்னா? பொடி எழுத்து படிக்கிறேன். தோ, அந்தக் காலண்டர்ல சந்திராஷ்டமம் போட்டிருக்கறான் பாரு, படிக்கட்டுமா?" உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்தும் காட்டினார். ஒரு எழுத்து பிசகவில்லை. பார்வை மங்கவில்லையே, அதுதான் வினை. தெரிகிற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. தெரியாத இடம் தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கெஞ்சினேன், கோபித்தேன், ஒருவேளை சோறு பொங்காமல் படுத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. "அந்த முயல் ஜோக்கு போட்டானுங்களே, அவனுங்க கூட சேந்துக்கினியா நீயும்?" என்று முறைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். அந்த வார்த்தையைச் சொல்லவே பயமாக இருந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? கூட வரும் டீச்சர்களிடம் சொல்லலாம். நர்ஸ் பெண்ணிடம் சொல்லலாம், அவள் மாசமாக இருக்கிறாள். ஆனால் சொல்லிவிட்டு, அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? மலை ரோட்டில் ஒரு டிரைவருக்குக் கண் சரியில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும். அதற்கப்புறம் கழுகுக் கண் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் எவனும் ஏற மாட்டான். சொல்லாமல் இருந்து, அது உண்மையாக இருந்துவிட்டால்? அந்த யோசனைக்கு மேலே என்னால் போக முடியவில்லை. எப்படியும் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. சனிக்கிழமை ஜீப் வந்துவிடும். அதற்குள் அவரே, அவர் கண்ணாலேயே, தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொன்னால் ஏறாது.

டீச்சர் புத்தி எங்கே போகும்? பரீட்சை வைப்பது என்று முடிவு செய்தேன்.

போனில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடலாம் என்று எனக்குத் தெரியும். அவர் பார்த்திராத படம் ஒன்று வேண்டும். அதே கம்பெனிக் கார், நாலு ஓட்டை வைத்தது, மூக்கு இடது ஓரத்தில் இருக்கிற மாதிரி. தேடித் தேடிக் கண் வலித்தது. கடைசியில் யாரோ ஒரு குடும்பம், கோயிலுக்குப் போய்விட்டு வந்து காருக்கு முன்னால் நிற்கிற படம் கிடைத்தது. அதைத் திருப்பினேன். இப்போது மூக்கும் ஓட்டைகளும் வலது ஓரத்துக்கு வந்துவிட்டன. அவர் கண்ணுக்கு நல்ல பக்கம். இதில் நாலு என்று சரியாகச் சொல்லிவிட்டு, நேராக வைத்த படத்தில் மூன்று என்று சொன்னால், கோளாறு காரில் இல்லை, படத்தில் இல்லை. இப்படிக் கணக்குப் போட்டேன்.

அவர் கில்லாடி. திருப்பிய படம் என்று கண்டுபிடித்துவிடுவார் என்ற பயமும் இருந்தது. அதனால் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மாட்டிக்கொள்வேன். நல்லவேளை, கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நம்பர் பிளேட்டின் எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதன்மேல் மாலை தொங்கியது. சபாஷ் என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினேன். "எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க அனுப்பிச்சாங்க. அவங்க வூட்டு படமாம். இன்னா காருன்னு கேக்கறாங்க."

முகம் மலர்ந்துவிட்டது. கார் என்றதும் என்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். இழுக்கவில்லை, பெரிதாக்கவில்லை.

"நாலு ஓட்டை. பெரிய வண்டி. நல்ல வசதியான குடும்பம் போல."

நாலு! சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியவில்லை. போனை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையை மெல்லுவது நின்றுவிட்டது.

"ஏம்மே."

"இன்னாங்க?"

"இந்தம்மா முந்தான சோத்தாங்கை தோள்ல கீது."

தினமும் சேலை கட்டுகிறவள் நான். ஸ்டியரிங்கைப் பார்த்தேன், நம்பர் பிளேட்டைப் பார்த்தேன், அந்தப் பொம்பளையின் முந்தானையை நான் பார்க்கவே இல்லை!

"சில பேரு அப்படியும் கட்டுவாங்க" என்றேன்.

"அந்தம்மா கட்டுவாங்க சரி. பக்கத்துல நிக்கிற ஆளுக்கு சட்டப் பாக்கெட்டு எதுக்கு சோத்தாங்கை பக்கம் கீது? அந்தாளும் அப்படியா தெச்சி போட்டுக்கினாரு?" என்னைப் பார்த்தார். "யாரு இத்த திருப்பி வெச்சது?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. போனைப் பிடுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நேரா காட்டு."

"வேணாங்க. விடுங்க."

"காட்டுன்னேன்."

அவர் முகத்துக்கு முன்னாலேயே படத்தை நேராகத் திருப்பினேன். காரின் மூக்கு இடது ஓரத்துக்குப் போனது. அவர் முதலில் முந்தானையைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். சரி என்கிற மாதிரி தலையாட்டினார். அப்புறம் பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லியது.

"மூணு..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதே படம். அதே கார். நான் விரலை எடுத்து இன்னும் மூச்சுகூட விடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். அவர் அப்போது செய்ததை நான் அதற்குமுன் ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு விரலை வைத்துப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். மெதுவாக நகர்த்தினார். ஒரு ஓட்டை நடுவுக்கு வந்தது, போனது. இன்னொன்று. இன்னொன்று. அதற்கப்புறம் இடது ஓரத்திலிருந்து நாலாவது வந்து நின்றது.

போனைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போனார். நிலையில் தோள் இடித்தது. இந்த முறை திட்டவில்லை.

இரண்டு நாள் அவர் என்னைக் கண்டாலே எழுந்து வெளியே போனார். என்னைத் திட்டித் தீர்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இத்தனை வருஷத்தில் அவரை ஏமாற்றிப் பரீட்சை வைத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் குரூப்பையும் அவர் திறக்கவில்லை. தெருவில் நின்று ஒரு கையால் ஒரு கண்ணை மூடுவார், அப்புறம் மறு கண்ணை. எதிர் வீட்டுச் சுவரைப் பார்ப்பார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை ஜீப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்து முடித்ததும் சாவியை எடுத்தார்.

"மேல வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

"எதுக்குங்க? நாளைக்குத்தான ஸ்கூலு."

"நாளைக்குன்னுதான் இன்னிக்கே போறேன். தனியா போயி பாத்துட்டு வர்றேன். அந்த ரோடு எனக்கு கண்ண மூடினாலும் தெரியும். எத்தினி வருசம்."

"அப்ப நானும் வர்றேன்."

"வேணாம்."

நான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டேன். இறங்கச் சொல்லி அதட்டினார். இறங்கவில்லை. செத்தாலும் இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. தோ வருது, தோ கீதுன்னு ஒரு வார்த்த வரக் கூடாது. நீ சொல்லி ஓட்டினா அது நான் ஓட்டினதா ஆவாது" என்றார். தலையாட்டினேன். தேவைப்பட்டால் தொண்டை கிழியக் கத்துவேன், வாக்கும் மண்ணாங்கட்டியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அமிர்தி வரைக்கும் ஒன்றும் இல்லை. ஏற்றம் தொடங்கியதும் பனி. வளைவு வருவதற்கு முன்பே ஹாரன் அடித்தார், கியரை மாற்றினார், ஒடித்தார். எங்கே குழி இருக்கிறது, எங்கே தண்ணீர் கசிகிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு லாரி இறங்கி வந்தது. அழகாக ஒதுங்கி வழி விட்டார். அந்த லாரிக்காரர் கை காட்டினார், இவரும் கை காட்டினார். எனக்கு மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது. நான்தான் அநியாயத்துக்குப் பயந்துவிட்டேனோ, ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு மனுஷனை இப்படிப் பாடாய்ப் படுத்திவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. நாளைக்கு எல்லோரும் ஏறலாம், ஒன்றும் ஆகாது, அப்புறம் மெல்ல டாக்டரிடம் போய்க்கொள்ளலாம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முருகா முருகா என்று உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வளைவு பெரிய வளைவுகூட இல்லை. இடது ஓரமாக ஒரு பொம்பளை தலையில் மாட்டுக்கான சாமைத்தாள் கட்டோடு மேலே நடந்து போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. இப்போது ஹாரன் அடிப்பார், இப்போது வலது பக்கம் ஒடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஒடிக்கவில்லை. ஜீப் நேராக அவளை நோக்கிப் போனது. கத்துவேன் என்றேனே, சத்தமே வரவில்லை. கட்டு என் பக்கத்துக் கம்பியில் சரசரவென்று உரசியது. தாள் பிய்ந்து என் மடியில் கொட்டியது. அவள் "ஏய்!" என்று போட்ட சத்தம் பின்னால் போய்விட்டது.

அவர் ஓட்டிக்கொண்டே போனார். நல்ல நிதானமாக. அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினார். அப்புறம் கேட்டார்.

"இன்னா சத்தம் அது? மரக்கிளையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்பியிருப்பார். நம்ப வேண்டும் என்றுதான் அவர் கேட்ட மாதிரியே எனக்கு இருந்தது.

"ஆளு" என்றேன். "ஒரு பொம்பள. தலையில கட்டு."

ஜீப் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கினார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, இறக்கத்தில் பின்னோக்கி நடந்தார். நான் சீட்டிலிருந்தே திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள், அது போதும் எனக்கு. கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது.

"ஹாரன் அடிக்க மாட்டியா? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" அவள் போட்ட சத்தம் மலையெல்லாம் கேட்டது. "சோத்தத்தான தின்ற? ஒரு சாண் தள்ளியிருந்தா நான் இன்னேரம் பள்ளத்துல கெடப்பேன். என் வூட்ல யாரு கஞ்சி ஊத்துவா?"

அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. சாதாரணமாக ரோட்டில் எவனாவது ஒரு சொல் சொன்னால் நாலு சொல் சொல்லுகிற மனுஷன். குனிந்து தாளைப் பொறுக்கினார். இடது பக்கம் கிடந்ததை விட்டுவிட்டார். அந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே அதைப் பொறுக்கினாள். இரண்டு பேருமாகக் கட்டினார்கள். தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு ஏறி வந்தார். அவள் பின்னால் மெதுவாக வந்தாள்.

அவர் டிரைவர் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"தள்ளி குந்து."

நடுவில் தள்ளி உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வலது பக்கத்தில் டிரைவர் சீட் காலியாக இருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. எனக்கு ஓட்டத் தெரியாது. போனை எடுத்துப் பார்த்தேன், டவர் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

அந்தம்மா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாங்கள் போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போயிற்று போலிருக்கிறது. குரல் இறங்கியிருந்தது.

"இன்னாண்ணா, வண்டி நின்னு போச்சா?"

"வண்டி நல்லாத்தாம்மா கீது" என்றார். "ஓட்டத்தான் ஆளு இல்ல. மேல போனா ஊர்ல யாராவது ஓட்டத் தெரிஞ்சவங்கள அனுப்பிச்சி வுடறியா?"

அவளுக்குப் புரியவில்லை. காலி சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீதான இப்ப ஓட்டிக்கினு வந்த?"

"ஆமாம்மா, நான்தான். ஒன்ன எனக்குத் தெரியவே இல்ல. அதான் எறங்கிட்டேன்."